நரியன் வீட்டுக்கும் கொக்கு வீட்டுக்கும் நடுவே ஒரு கிரேக்கர்

மேடைக்குப் பின்னால் ஒரே களேபரம். மயில் நடனம் ஆட வேண்டிய பெண்ணுக்குத் தோகை கழன்றுவிட்டது. ஊசியும் நூலும் கேட்டு ஓர் ஆசிரியை ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைமையாசிரியர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி, ஓரமாக நின்றிருந்த ஜெசிந்தா டீச்சரிடம் மைக்கை நீட்டினார்.

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிசம் சமாளிங்க. ஏதாச்சும் கதை கிதை சொல்லுங்க."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. நான் மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர், எழுத்தாளர் வள்ளியம்மை. ஊருக்குள் என்னை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

அப்போதுதான் என் பேச்சு முடிந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். வறுகடலைப் பொட்டலம் ஒன்று கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போனது. முடித்தபோது நன்றாகவே கைதட்டினார்கள். முடித்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் தட்டிய கைதட்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஜெசிந்தா டீச்சர் ஆவூர்ப் பெண். இங்கிலீஷ் டீச்சர். எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது.

"ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம். அதுக்கு ஒரு கொக்கு சினேகமாம்."

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடலைப் பொட்டலம் அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சிரிப்பு ஏன் என்று சொல்ல, நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பிராணி

அரிமளத்துப் பக்கம் எங்கள் ஊரில் கதவு எண் எல்லாம் தபால்காரருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு வீட்டுப் பட்டப்பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுப்பூசிக்கு வீடு வீடாகப் போவேன். 'எந்த வீட்டுப் பிள்ளைம்மா?' என்று கேட்டால், தாய் பெயரையும் சொல்ல மாட்டார்கள், தகப்பன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். 'ஓணான் வீடு' என்பார்கள். 'காடை வீடு' என்பார்கள். வெட்கம் எல்லாம் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அடிக்கத்தான் மாட்டார்கள், பேச்சில் அதுதான்.

நான் பிறந்தது கொக்கு வீடு. எங்கள் ஆண்களுக்கெல்லாம் கழுத்து நீளம். வாய்க்காலில் தண்ணீர் முறைக்காக வரப்பிலேயே அசையாமல் நிற்கிற பொறுமையும் உண்டு. எப்போது கொத்துவார்கள் என்றும் தெரியாது. என் அண்ணன் மூன்றுக்கும் பொருத்தமானவர்.

வாழ்க்கைப்பட்டது நரியன் வீடு. இரண்டு தெரு தள்ளி. என் வீட்டுக்காரருடைய பாட்டனார் கடலைக் கொல்லைக் காவலுக்குப் போனால், திருட வருகிறவர்களை விரட்டுவதற்காக நரி மாதிரி ஊளையிடுவாராம். நிஜ நரிகளே பதில் கொடுக்குமாம். அந்த ஊளையைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றுவரை தலையில் சுமக்கிறார்கள்.

ஆக, எங்கள் ஊரில் நின்று 'ஒரு நரி, ஒரு கொக்கு' என்று ஆரம்பித்தால் அது கதை இல்லை. குடும்ப விவகாரம். ஆவூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

டீக்கடையில் கொடுத்த பத்திரிகை

விவகாரமும் இருந்தது. அதுவும் ஊருக்கே தெரிந்த விவகாரம்.

என் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கம் இதில் சலுகையே கிடையாது. எனக்கு அப்போது கால் எலும்பு விரிசல் விட்டுக் கட்டுப்போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று இருந்தோம். அதற்குள் என் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்க, டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்திருக்க, 'மச்சான், பத்திரிகை வந்துருச்சு, இந்தாங்க' என்று ஒன்றை உருவி நீட்டிவிட்டார்.

மனுஷர் ஆசையாகத்தான் நீட்டினார். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தாராம்.

"தட்டு எங்க மாப்ள?"

"வீட்டுக்கு வந்து மொறையா வைப்போம் மச்சான். இது சும்மா பாக்குறதுக்கு."

"சும்மா பாக்குறதுக்கு இது என்ன சினிமா நோட்டீஸா?"

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்துத் தட்டோடு போனோம். கதவு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்கும் அண்ணன் வரவில்லை. தாய்மாமன் மாலையை ஒன்றுவிட்ட தம்பி எடுத்துக் கொடுத்தான். என் மகள் மணமேடையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அண்ணன் புதுவீடு கட்டிக் குடிபோனார். அழைப்பை எங்கே வைத்தார் தெரியுமா? சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குரூப்பில். அந்த குரூப்பிலிருந்து என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வெளியேறி மாதக் கணக்காகியிருந்தது. என்னிடம் இருந்தது பட்டன் போன். அண்ணனுக்கு இரண்டுமே தெரியும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அன்று, அந்த வீட்டு வடை வாசனை எங்கள் தெரு வரை வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. கோயிலில் எதிரே வந்தால் அவர் அங்கிட்டுப் பார்ப்பார், நான் இங்கிட்டுப் பார்ப்பேன். கூடப்பிறந்தவர் ஒரே ஒருத்தர்தான் எனக்கு. அவர் முகத்தைப் பார்க்காமல் இந்த ஊரில் கிழவியாகிச் செத்துப்போவேனோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது.

மீசை செய்த துரோகம்

எழுதுகிறவள் வேறு என்ன செய்வேன்? எழுதினேன்.

அண்ணனை அப்படியே வைத்து ஒரு சிறுகதை. சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கண்மாய்க்கரை வழியாகப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். அது இருந்தது. பூட்டிய கதவு இருந்தது. தங்கை தட்டோடு தெருவில் நிற்பது இருந்தது. எழுதும்போது நானே அழுதேன். ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் போன் செய்து விசும்பினார்கள். நான் காத்திருந்தது இரண்டு தெரு தள்ளி வர வேண்டிய ஒரே ஒரு காலடிச் சத்தத்துக்கு.

அண்ணன் அதைப் படித்தார். சலூனில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார் என்று முடிவெட்டுகிறவர் வந்து சொன்னார்.

"படிச்சிட்டு என்ன சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாருங்க. அந்த அண்ணங்காரன் மாதிரி ஆளுகளும் ஊருல இருக்கத்தான் செய்றாங்கன்னாரு. மனுசனா அவன்னு திட்டுனாரு."

எனக்கு மயக்கம் வராத குறை. பிறகுதான் புரிந்தது. கதையில் வரும் அண்ணனுக்கு ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். அப்பட்டமாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று வைத்த மீசை. என் அண்ணன் மழுமழுவென்று சவரம் செய்கிறவர். அந்த ஒரு மீசையைப் பிடித்துக்கொண்டு முழுக்கதையிலிருந்தும் நழுவிவிட்டார்.

அந்தக் கிரேக்கர்

இந்த மிருகக் கதைகளைச் சொன்னவர் என்று ஒரு கிரேக்க நாட்டுக்காரரைச் சொல்கிறார்கள். யாரிடமோ அடிமையாக இருந்தார் என்றும் சொல்கிறார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இருக்கிற புகழ் போதும் அவருக்கு.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதெல்லாம் எங்கள் கண்மாய்க்கரையில் நடந்தவை என்றே நினைத்திருந்தேன். நரி எங்கள் ஓடையில் இருந்தது. கொக்கு எங்கள் கண்மாயில் நின்றது. எறும்பு, தவளை, கழுதை எதற்குமே வெளியே போக வேண்டியதில்லை. பிற்பாடு, இதெல்லாம் கிரேக்கத்துக் கதை என்று ஒரு வாத்தியார் சொன்னபோது, எங்கள் வீட்டுக் கோழியை அடுத்த வீட்டுக்காரன் தன்னுடையது என்று சொன்ன மாதிரி கோபம் வந்தது.

அதன் பிறகு அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவே இல்லை. புதுக்கோட்டையில் புத்தகக் காட்சி நடந்தபோது என் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய கதைகளைப் படம் போட்டு அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தகப்பனார் என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன்.

"இதுல மிருகம் ஏதாச்சும் வருதுங்களா?"

"இல்லைங்க. மனுசங்கதான் வருவாங்க."

"அப்ப வேணாம்" என்று வைத்துவிட்டார்.

தோஹாவில் இருக்கும் என் மகள், பெற்றவள் எழுத்தாளர் என்பதை மறந்து, அவள் பிள்ளைக்குத் தூங்கப்போகும்போது போனில் போட்டுக் காட்டுவது யார் கதை என்று நினைக்கிறீர்கள்? ஆமையும் முயலும் அங்கே பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பொறாமைதான். இதில் என்ன மூடி மறைக்க இருக்கிறது? உயிரோடு இருக்கிற எழுத்தாளர்கள்மேல்கூட எனக்கு இவ்வளவு பொறாமை கிடையாது. அவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் சரக்கு தீர்ந்துவிடும் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இவர் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் தீரவில்லை.

மீசைக்குப் பிறகு ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். அந்தக் கிரேக்கருடைய நரிக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, மீசை இல்லை, சைக்கிள் இல்லை. பிடித்துக்கொண்டு தப்பிப்பதற்கு அதில் ஒரு கொம்புகூடக் கிடையாது. நான் பக்கம் பக்கமாக உண்மையான விவரம் எழுதுகிறேன். படிக்கிறவர் தனக்குப் பொருந்தாத ஒன்றைக் கண்டுபிடித்து, 'இது நான் இல்லை' என்று எழுந்து போய்விடுகிறார். கிரேக்கர் கதையில் எழுந்து போக வழியே இல்லை.

தெரிந்து என்ன செய்ய? தெரிந்ததால் பொறாமை கூடியதுதான் மிச்சம்.

தட்டு

மேடைக்கு வருகிறேன்.

"ஒருநா அந்த நரி கொக்கை விருந்துக்குக் கூப்புட்டுச்சு. கொக்கும் ஆசையா வந்துச்சு. நரி என்ன பண்ணுச்சு தெரியுமா? பாயசத்தைத் தட்டுல ஊத்தி வச்சிருச்சு" என்றது ஜெசிந்தா டீச்சர்.

தட்டு. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குரல்.

"தட்டே வைக்கலைங்கிறதுதான டீச்சர் பிரச்சினை!"

கூட்டம் வெடித்தது. பாவம், பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜனங்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பொறுப்பாகத் திருத்தியது.

"இல்லைங்க. தட்டு வச்சுச்சு. தட்டுல வச்சதுதான் பிரச்சினையே. கொக்குக்கு மூக்கு நீளம்ல? குடிக்க முடியலை."

சிரித்துச் சிரித்துச் சிலர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார்கள். முன்வரிசையில் என் அண்ணன். கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி ஊர் இவரைப் பார்த்தது, பாதி ஊர் அவரைப் பார்த்தது.

"அடுத்து கொக்கு நரியைக் கூப்புட்டுச்சு. அது வாய் சின்னதா இருக்கிற கூஜாவுக்குள்ள சாப்பாட்டைப் போட்டு வச்சிருச்சு. நரிக்கு வாய் உள்ள போகவே இல்லை."

"அந்தக் கூஜாதான்டா வாட்ஸ்அப் குரூப்பு!"

நான் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தேன். கொட்டாவி விட்ட இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள், இந்த முறை சிரிப்பதற்கு. எத்தனை வருஷம் இந்த ஜனங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்! ஒருத்தராவது 'என்னை எழுதிட்டியே' என்று சண்டைக்கு வந்திருப்பார்களா? இந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை, எதையும் எழுதவில்லை. நேரத்தைக் கடத்துவதற்காக ஒரு கதையைச் சொல்கிறது, ஊரே தலைகீழாகிறது. மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

கடைசியில் அது சொன்னது: "ரெண்டு வீட்லயும் சமைச்சாங்க. ரெண்டு பேரும் பட்டினி."

சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் கேட்டது. அண்ணன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

தோகையைத் தைத்து முடித்துவிட்டார்கள். மயில் வந்து ஆடியது. நான் எதையும் பார்க்கவில்லை. அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

இறங்கும்போது ஜெசிந்தா டீச்சர் ஓடி வந்தது. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நர்ஸம்மா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எட்டாம் வகுப்புக்கு எடுக்குற கதைங்க அது. தப்பா எடுத்துக்கிறாதீங்க."

"தப்பு ஒண்ணும் இல்லை டீச்சர். நல்லாத்தான் சொன்னீங்க" என்றேன். நன்றாகச் சொன்னதுதான் எனக்குப் பிரச்சினை என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ சொல்லித்தான சொல்லுச்சு அந்தப் புள்ள? என்னைய நரியாக்கிட்டியே!"

"நீங்க பொறந்ததுலேருந்தே நரியன் வீடுதான. நானா ஆக்குனேன்?"

அன்று எங்கள் வீட்டிலும் சமைத்திருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வாசலில் ஒரு கொக்கு

மறுநாள் காலை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார். வரப்பில் நிற்கிற மாதிரியே, உள்ளே வருவதா திரும்புவதா என்று தெரியாமல்.

குடம் நிரம்பி வழிகிறது. என் வீட்டுக்காரர்தான் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"உள்ள வாங்க மச்சான்."

அண்ணன் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்னை நேராகப் பார்த்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. இவ்வளவு நரைத்ததை நான் பார்க்கவே இல்லையே.

"அந்த டீச்சர் புள்ளைக்கு நீதானத்தா எழுதிக் குடுத்த?"

நான் வாயைத் திறந்தேன். கிரேக்கம், இரண்டாயிரம் வருஷம், எட்டாம் வகுப்பு எல்லாம் நாக்கு வரை வந்தன. அதற்குள் அவரே பேசினார்.

"ராத்திரி பூரா தூக்கம் இல்லை. ரெண்டு வீட்லயும் சமைச்சாங்க, ரெண்டு பேரும் பட்டினின்னு எழுதியிருந்த பாரு. அதுலயே நிக்கிது மனசு. வாயால சொல்ல முடியாம கதையாச் சொல்லி விட்டிருக்கேன்னு புரிஞ்சுச்சு. நான் செஞ்சதும் சரியில்லத்தா. கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளதான் இருந்தேன் அன்னைக்கி. நீ தட்டைத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டிப் போனதைச் சன்னல் வழியாப் பாத்தேன்."

நான் இல்லை, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? யாரோ நேரம் போக்கச் சொன்ன கதைக்கா இவ்வளவு தூரம் இறங்கி வந்தோம் என்று எழுந்துவிடுவார். ஊர் சிரித்தது மட்டும் நினைவில் நிற்கும். இன்னொரு பூட்டு விழும்.

"ஆமண்ணே" என்றேன். "நான்தான் எழுதிக் குடுத்தேன்."

இதை இப்படி அச்சில் போடுகிறேனே, மாட்டிக்கொள்ள மாட்டேனா என்று உங்களுக்குத் தோன்றலாம். பயப்படாதீர்கள். வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரை அண்ணன் விடாமல் படிக்கிறார். போன வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, யாரு அந்த ஆளு என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் போனவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"மச்சானுக்குக் காப்பி எதுல குடுக்குறது? தட்டுலயா, கூஜாவுலயா?"

அண்ணன் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சிரிப்பினால் மட்டும் இல்லை. காபியோடு போகவில்லை, இட்லியும் சாப்பிட்டார். மகளின் பிள்ளை படத்தைக் காட்டச் சொன்னார். எப்போது வருகிறாள் என்று கேட்டார். சித்திரையில் என்றேன்.

"வரட்டும். மொதச் சாப்பாடு நம்ம வீட்ல. நானும் ஒங்க மதனியும் தட்டு வச்சே வந்து கூப்புடுறோம்."

எழுந்தார். கேட் வரை கூடவே போனேன். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அப்படியே போயிருக்கலாம் மனுஷர். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குத்தம் சொல்றேன்னு நெனைக்காத. நீ எழுதுனது எல்லாம் படிச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒட்டாது. இப்பத்தான்த்தா ஒனக்கு எழுத வந்திருக்கு. இனிமே இதே மாதிரி எழுது."

"சரிண்ணே" என்று சிரித்தேன்.

வயிறு எரிந்தது.